முதலீட்டு வங்கியில் பத்து வாரம்

சில ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பெற்றோர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு வருகிறார்கள். "ஐயா, என் மகன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கோடை விடுமுறையில் பெங்களூரில் ஒரு முதலீட்டு வங்கிக்கு மென்பொருள் பயிற்சிக்குப் போகிறேன் என்கிறான். படிப்பதோ கணினிப் பொறியியல், போவதோ வங்கி. அங்கே இவனுக்கு என்ன வேலை?" என்பது அக் கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் ஆதலால், உலகத்துக் கணக்குகள் எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும். உண்மையில் எனக்கும் தெரியவில்லை. என்னிடம் படித்து அத்துறைக்குச் சென்றவர்களைக் கேட்டும், நூல்களைப் படித்தும் பிறகு தெரிந்துகொண்டேன். அதனை இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலீட்டு வங்கி என்பது யாது? நம் கடைத்தெருவில் உள்ள வங்கி நம்முடைய சேமிப்பை வாங்கி வைத்துக்கொள்கிறது. நகையின் பேரிலும், பயிருக்கும், வீடு கட்டவும் கடன் கொடுக்கிறது. முதலீட்டு வங்கியின் தொழில் வேறு. ஒரு பெரிய கம்பெனி புதிய ஆலை ஒன்றை அமைக்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆயிரம் கோடி ரூபாய் வேண்டும். பங்குகளையோ கடன் பத்திரங்களையோ வெளியிட்டு அப் பணத்தை அது திரட்டலாம். என்ன விலைக்கு வெளியிடுவது, யாரிடம் விற்பது, சட்டப்படி எவற்றையெல்லாம் தெரிவிப்பது என்பவற்றில் உடன் நின்று உதவுவது முதலீட்டு வங்கி. ஒரு கம்பெனி மற்றொன்றை விலைக்கு வாங்கும்போது ஆலோசனை கூறுவதும் அதுவே. ஓய்வூதிய நிதிகள் போன்ற பெரிய வாடிக்கையாளர்களுக்காகப் பங்குகளையும் பத்திரங்களையும் வாங்கி விற்பதும் அதன் தொழிலில் அடங்கும்.

இவ்விரு வகைத் தொழிலையும் 1933-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் ஒன்று பிரித்து வைத்தது. அச் சட்டத்தின் காரணமாக ஜே.பி. மார்கன் வங்கி வைப்புத் தொழிலைத் தன்னிடம் வைத்துக்கொண்டது; அதிலிருந்து பிரிந்து வந்தவர்கள் 1935-இல் மார்கன் ஸ்டான்லி என்னும் முதலீட்டு வங்கியைத் தொடங்கினார்கள். 1999-இல் வந்த மற்றொரு சட்டம் இவ்விரு தொழிலும் ஒரே குழுமத்தின் கீழ் இருக்க இடமளித்தது. 2008 செப்டம்பரில், 1850-இல் தோன்றிய லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாயிற்று. அதே மாதத்தில் கோல்ட்மன் சாக்ஸும் மார்கன் ஸ்டான்லியும் அமெரிக்க மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட வங்கிக் குழுமங்களாக மாறின.

இத்தகைய இடத்தில் மென்பொருள் எழுதுவோருக்கு என்ன வேலை? ஒரு பங்கை வாங்குவது என்பது கடையில் தேங்காய் வாங்குவது போல ஒரே கைமாற்றில் முடிவதன்று. வாடிக்கையாளர் கட்டளை இடவேண்டும். அது சந்தைக்குப் போகவேண்டும். சந்தையில் விற்பவர் ஒருவர் கிடைத்து விலை ஒத்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் கணக்கும் விற்றவர் கணக்கும் எண்ணிக்கையிலும் விலையிலும் நாளிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அதன் பிறகே பணம் ஒரு பக்கமும் பங்கு மறு பக்கமும் கை மாறும். இதனைக் கணக்குத் தீர்வை என்று சொல்லலாம். அமெரிக்காவில் 1995 வரையில் இத் தீர்வைக்கு ஐந்து வேலை நாட்கள் இருந்தன. 1995-இல் அது மூன்று நாளாயிற்று. 2017-இல் இரண்டு நாளாயிற்று. 2024 மே 28 முதல் ஒரே நாளாகக் குறைந்தது. நம் நாட்டுப் பங்குச் சந்தைகள் 2023 ஜனவரியிலேயே அனைத்துப் பங்குகளையும் ஒரு நாள் முறைக்கு மாற்றிவிட்டன. முன்பு ஐந்து நாளில் கண்டுபிடித்துத் திருத்திய பிழையை இப்பொழுது ஓரிரவில் திருத்தவேண்டும். இலட்சக்கணக்கான இனங்களை ஓரிரவில் ஒப்புநோக்குவது மனிதர் கண்ணாலும் பேனாவாலும் ஆகக்கூடிய காரியமா? ஆகவேதான் வங்கிக்குள்ளே மென்பொருளாளர் கூட்டம் ஒன்று சேர்ந்திருக்கிறது.

அக் கூட்டத்தின் ஒரு பெரும் பகுதி நம் நாட்டில் இருக்கிறது. 1869-இல் நியூயார்க்கில் தோன்றிய கோல்ட்மன் சாக்ஸ் 2004-இல் பெங்களூரில் அலுவலகம் திறந்தது. வேறு பல முதலீட்டு வங்கிகளுக்கும் பெங்களூர், மும்பை, ஐதராபாத் ஆகிய நகரங்களில் இத்தகைய அலுவலகங்கள் உண்டு. கோடையில் மாணவர்கள் பயிற்சிக்குப் போவது இங்கேதான்.

அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. கல்லூரிக்கு வங்கியின் அழைப்பு வரும். முதலில் கணினியிலேயே ஒரு தேர்வு. இரண்டு அல்லது மூன்று கணக்குகளைக் கொடுத்து, அவற்றுக்குரிய நிரலைக் குறித்த நேரத்துக்குள் எழுதச் சொல்வார்கள். தேறியவர்களை நேரில் கேள்வி கேட்பார்கள். தகவலை எப்படி அடுக்கி வைத்தால் விரைவில் தேடி எடுக்கலாம், நிகழ்தகவுக் கணக்கு, ஒரு புதிர் என்று கேள்விகள் அமையும். பங்குச் சந்தையைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. தேர்வானவர்கள் எட்டு முதல் பத்து வாரம் அங்கே இருப்பார்கள். உதவித்தொகை உண்டு. முதல் சில நாட்கள் வகுப்புகள் நடக்கும். வங்கி என்ன செய்கிறது, எதை வெளியே பேசக்கூடாது, எந்தக் காகிதத்தையும் கோப்பையும் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது என்பவை அங்கே சொல்லப்படும். தாமே பங்கு வாங்க விரும்பினாலும் வங்கியின் விதிக்கு உட்பட்டே வாங்கவேண்டும். ஒரு கம்பெனிக்கு இரகசியமாக ஆலோசனை கூறுகிறவர்கள் அறிந்த செய்தி, பங்கு வணிகம் செய்கிறவர்கள் காதில் விழலாகாது என்பதற்காக, ஒரே கட்டடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று எழுப்பப்பட்டிருக்கிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இது புதிய பாடம்.

வகுப்புகள் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு குழுவில் சேர்க்கப்படுகிறார்கள். வழிகாட்டியாக மூத்த பொறியாளர் ஒருவர் இருப்பார். செய்து முடிக்கவேண்டிய வேலை ஒன்று கொடுக்கப்படும். இடையில் ஒரு மதிப்பீடும், கடைசி வாரத்தில் குழுவின் முன் நின்று செய்ததை விளக்கும் நிகழ்ச்சியும் உண்டு. நன்றாகச் செய்தவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் வேலைக்கு வரும்படி அழைப்பு கிடைக்கும். அந்த அழைப்பை எண்ணித்தான் பெற்றோரும் பிள்ளைகளும் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது எனக்கு நான் பி.எட். படித்த காலம் நினைவுக்கு வந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவர்களைச் சில வாரம் ஒரு பள்ளிக்கு அனுப்பிவைப்பார்கள். பாடக் குறிப்பு எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டிக் கையொப்பம் பெற்ற பின்னரே வகுப்புக்குள் நுழையலாம். நாம் பாடம் நடத்தும்போது அவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வங்கியிலும் அதே முறைதான். பயிற்சி மாணவர் எழுதிய நிரல் ஒவ்வொன்றையும் மற்றொரு பொறியாளர் வரி வரியாகப் படித்து ஒப்புதல் கொடுக்கவேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகும் அது நேரே உண்மைக் கணக்கில் போய் வேலை செய்வதில்லை. சோதனைக்கென்று வைத்திருக்கும் தனி இடத்தில் ஓடிப் பார்க்கப்படுகிறது. பயிற்சி மாணவருக்கு மட்டுமன்று, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் இதுவே விதி. தம்முடைய வேலையைத் தாமே சரிபார்த்துத் தாமே ஒப்புக்கொள்ள அங்கே எவருக்கும் உரிமை இல்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

கனடா நாட்டில் வான்கூவர் என்னும் நகரத்துப் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் விலைக் குறியீட்டெண் ஒன்றைத் தொடங்கியது. தொடக்க மதிப்பு 1000. ஒவ்வொரு பங்கு விற்பனைக்குப் பிறகும் கணினி அதனைப் புதிதாகக் கணக்கிட்டது. கணக்கிட்டு, மூன்று தசம இடங்களுக்கு அப்பால் வந்த இலக்கங்களை முழுமைப்படுத்தாமல் வெட்டி எறிந்தது. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் முந்திய இலக்கத்தோடு ஒன்று கூட்டவேண்டும் என்று நாம் சிறு வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா? அதனைச் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் கழிந்தது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூவாயிரம் முறை கழிந்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524 அளவில் நின்றது. பிழையைக் கண்டு திருத்திய போது சரியான மதிப்பு 1098-க்கு மேல் இருந்தது. ஏறியிருந்த சந்தையை, ஏறக்குறைய இரண்டாண்டில் பாதியாக இறங்கிவிட்டதாகக் கணினி காட்டியது.

மற்றொன்று 2012 ஆகஸ்டு 1-ஆம் தேதி அமெரிக்காவில் நடந்தது. நைட் காப்பிடல் என்பது முதலீட்டு வங்கி அன்று. பங்குகளை வாங்கி விற்று வந்த பெரிய நிறுவனம். புதிய நிரல் ஒன்றை எட்டுச் சர்வர்களில் ஏற்றவேண்டும். ஏற்றியவர் ஏழில் ஏற்றி, எட்டாவதை விட்டுவிட்டார். அந்த எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் ஒன்று இருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. நிறுத்துவதற்குள் 45 நிமிடம் ஆயிற்று. நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். குழப்பத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். அதனால் கேடு மேலும் பெருகிற்று. சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைக் குறிக்கும் 97 மின்னஞ்சல்களைக் கணினி தானே அனுப்பியிருந்தது. எவரும் பார்த்து நடவடிக்கை எடுக்கவில்லை. பின்னர் விசாரித்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013-இல் ஒரு கோடியே இருபது இலட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஏற்றிய நிரலை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவில்லை என்பதையும், அப்படிச் சரிபார்க்கவேண்டும் என்று எழுதப்பட்ட விதியும் அங்கே இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. எட்டு என்று எண்ணிப் பார்க்க மற்றொருவர் இருந்திருந்தால் போதும்.

ஆகவே மற்றொரு கண் வேண்டும். ஆனால் மற்றொரு கண்ணும் தவறலாம். அப்பொழுது என்ன செய்வது? இதற்கு விடை என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அனுபவத்திலிருந்து கிடைத்தது.

2024-ஆம் ஆண்டுக் கோடையில் அவள் ஒரு முதலீட்டு வங்கியின் பெங்களூர் அலுவலகத்தில் பத்து வாரம் பயிற்சி பெற்றாள். வங்கியின் பெயரும் அவள் பெயரும் இங்கே வேண்டியதில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் நிரல். ஒன்று வங்கி எழுதி வைத்த கொள்முதல், விற்பனைப் பட்டியல். மற்றொன்று எதிர்த்தரப்பு அனுப்பிய பட்டியல். எங்கே வேறுபாடு இருக்கிறதோ அதனை எடுத்துக் காட்டவேண்டும். நிரலை எழுதினாள். வழிகாட்டி படித்து ஒப்புதல் கொடுத்தார். மாதிரிக் கணக்கில் இருந்த வேறுபாடுகளை அது சரியாகக் காட்டியது. எட்டாவது வாரத்தில் பெரிய பட்டியல் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். வேறுபாடு ஒன்றுமே இல்லை என்று நிரல் விடை சொன்னது. குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள்.

கடைசி வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை இரவு அவள் எனக்குத் தொலைபேசியில் பேசினாள். திங்கட்கிழமை குழுவின் முன் விளக்கவேண்டும். "சார், நான் எழுதியது தப்பு" என்றாள். விளக்கத்துக்காகத் தன் நிரலை மறுபடி படித்தபோது கண்டாளாம். இரு பட்டியலிலும் உள்ள இனங்களைத்தான் அது ஒப்பிட்டது. ஒரு பட்டியலில் இருந்து மற்றொன்றில் இல்லாத இனம் வந்தால், ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விட்டது.

ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். வருகைப் பதிவேட்டில் 40 மாணவர் பெயர் இருக்கிறது. கட்டில் 37 விடைத்தாள்கள் இருக்கின்றன. முப்பத்தேழையும் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டு, "வேறுபாடு இல்லை" என்று ஒருவர் எழுதிக் கையொப்பமிடுகிறார். அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று விடைத்தாள்கள் எங்கே? கேட்கவேண்டிய முதல் கேள்வியை அவர் கேட்கவில்லை. பணக் கணக்கிலும், மாறுபட்ட இனத்தைவிடக் காணாமற்போன இனமே பெரிய ஆபத்து. அவளுக்குக் கொடுத்த மாதிரிக் கணக்கில் காணாமற்போன இனம் எதுவும் இல்லை. ஆகையால் வழிகாட்டியின் கண்ணுக்கும் அது படவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்திவிடலாம், சார். ஆனால் வேறொருவர் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் சேர்க்கக்கூடாது. ஒப்புதல் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வேலை கிடைத்த பிறகு நானே வந்து திருத்திவிடலாமே" என்று சொல்லி நிறுத்தினாள். அவளுடைய தந்தை கல்விக் கடனுக்குக் கையொப்பமிட்டவர் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

பிறகு என் கதை ஒன்றைச் சொன்னேன். 1983-இல் கற்பித்தல் பயிற்சியின்போது எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டிக் கணக்கு நடத்தினேன். அரையாண்டுக்கு ஒரு முறை வட்டி சேரும் கணக்கு. காலத்தை இரட்டித்த நான், வட்டி வீதத்தைப் பாதியாக்க மறந்தேன். மாணவர்கள் கரும்பலகையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்கள். மணி அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எவரும் கவனிக்கவில்லை என்று எண்ணிப் பேசாமல் வெளியே வந்தேன். கடைசிப் பெஞ்சில் இருந்த வழிகாட்டி ஆசிரியர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "நாளைக்கு வகுப்பில் முதலில் என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் முதல் ஐந்து நிமிடம் என் பிழையை நானே கரும்பலகையில் எழுதித் திருத்தினேன். அவர் எனக்கு மதிப்பெண்ணைக் குறைத்தே போட்டார். அதன் பிறகு நான் பணியாற்றிய ஆண்டுகளில் அந்த ஐந்து நிமிடத்தைப் பல தடவை திரும்ப நடத்தியிருக்கிறேன்.

"உன் வழிகாட்டியிடம் இன்றைக்கே சொல்லம்மா. திங்கட்கிழமைக்குக் காத்திராதே" என்றேன். அவள் அன்றிரவே செய்தி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். காணாமற்போன இனங்களைக் காட்டும்படி நிரலைத் திருத்தி, அதே பெரிய பட்டியலை மறுபடி ஓட்டியபோது ஒன்பது இனங்கள் வெளிவந்தன. அது சோதனைக் கணக்கு ஆதலால் எவருக்கும் நட்டமில்லை. திங்கட்கிழமை அவள் தன் விளக்கத்தை அந்த ஒன்பதிலிருந்தே தொடங்கினாள்.

இவ்வளவு கேட்ட நேயர்கள், அவளுடைய நேர்மையை மெச்சி வங்கி வேலை கொடுத்தது என்று நான் முடிப்பேன் என எதிர்பார்க்கலாம். அப்படி நடக்கவில்லை. அவளுக்கு அழைப்பு வரவில்லை. காரணம் சொல்லப்படவும் இல்லை. அவ்வாண்டு அக் குழுவில் எடுத்தவர்களே சிலர்தாம் என்று கேள்விப்பட்டேன். ஆயினும் என் யோசனையால் ஒரு குடும்பத்துக்கு வரவேண்டியது வராமல் போயிற்றோ என்னும் உறுத்தல் எனக்குச் சில மாதம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் இப்பொழுது சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் பணியாற்றுகிறாள். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டே விட்டேன்: "நான் சொல்லாதிருந்தால் உனக்கு அந்த வேலை கிடைத்திருக்குமோ?"

"கிடைத்திருக்கலாம், சார்" என்றாள் அவள். "கிடைத்திருந்தால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பொய்யைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்பொழுது எங்கள் அலுவலகத்தில் எந்த நிரலைச் சோதித்தாலும், இல்லாதது வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன். அதனைப் பார்த்துப் புதிதாக வந்த இருவரும் அப்படியே செய்கிறார்கள்."

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை முதலீட்டு வங்கிக்குப் பயிற்சிக்குப் போனால், நிரல் எழுதக் கற்பதும், பங்குச் சந்தையின் நடைமுறையை அறிவதும், பெரிய நகரத்தில் தனியே வாழப் பழகுவதும் அவனுக்குக் கிடைக்கும் ஊதியங்கள். ஆனால் திரும்பி வந்த பிறகு, "அழைப்பு வந்ததா?" என்று கேட்பதற்கு முன், "உன் வேலையை யார் சரிபார்த்தார்கள்? அவர்கள் கண்ட பிழை என்ன? அவர்கள் காணாமல் நீயே கண்ட பிழை என்ன?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லக்கூடிய பிள்ளை, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பத்து வாரத்தை வீணாக்கவில்லை.